விழுந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய கமராவை வாங்கிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை நகரில் ஸ்டூடியோ வைத்து 39 வருடம் படம் எடுத்தவன் நான். கடையை மூடி ஆறு வருடமாகிறது. ஆனாலும் பாடசாலை விடுமுறை தொடங்கினால் என்னைத் தெருவில் மறிக்கிறவர்கள் குறைவதில்லை. சந்தையில், கோவில் வீதியில், முடிவெட்டுகிற கடையில்கூட ஒரே கேள்விதான். "ஐயா, பிள்ளைக்குப் படம் எடுக்கிற ஆசை வந்திட்டுது. என்ன கமரா வாங்கலாம்?" கையில் மரக்கறிப் பையோடு நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை பின்னேரம் டச்பே கடற்கரையில் ஒரு குடும்பத்தைக் கண்டேன். பத்து வயது மதிக்கத்தக்க பெண் பிள்ளை. கழுத்தில் புத்தம் புதுக் கமரா, நீட்டிய லென்ஸோடு, அவளுடைய நெஞ்சை மறைக்கிற அளவு. தகப்பன் பக்கத்தில் நின்று அதன் வாரைப் பிடித்தபடி, "கவனம் பிள்ளை, விழுத்திப்போடாதை, மண் படப்போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை இரண்டு படம் எடுத்தாள். பிறகு கமராவைக் கழற்றித் தகப்பனிடமே கொடுத்துவிட்டுச் சிப்பி பொறுக்கப் போய்விட்டாள். அவர் என்னைத் தெரிந்தவர். "பாருங்கோ ஐயா, அழுது அழுது வாங்கினவள். இப்ப தொடுறாளில்லை" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே பிழையை அவருக்கு முன்னமே செய்தவன் நான்.

1994 ஆம் ஆண்டு. என் மகனுக்கு எட்டு வயது. கடை மேசையில் இருந்த என்னுடைய யாஷிகாவைத் தூக்கிக்கொண்டு, வாசல்படியில் படுத்திருந்த பூனையைப் படம் எடுக்கப் போயிருக்கிறான். வார் கதிரைக் கைப்பிடியில் கொளுவி, கமரா சீமெந்துத் தரையில் விழுந்தது. லென்ஸின் வாய் நெளிந்துவிட்டது. அடுத்த நாள் ஒரு கல்யாண வீட்டு வேலை. என்னிடம் வேறு கமரா இல்லை. அந்தப் பயம் எல்லாம் கோபமாகி, நான் போட்ட சத்தம் எதிர்க் கடை வரைக்கும் கேட்டது. கமராவைக் கொழும்புக்கு அனுப்பி இரண்டு கிழமையில் திருத்தி எடுத்தேன். மகன் அதற்குப் பிறகு கமராவைத் தொடவே இல்லை. இப்போது கனடாவில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். அனுப்பும் படங்களில் எல்லாம் அவன் இருக்கிறான், மருமகள் இல்லை. ஏனென்றால் எடுப்பது எப்போதும் அவள்தான். அந்த நாளைப் பற்றி அவன் ஒரு தடவையும் கதைத்ததில்லை. நானும் இதுவரை கேட்கவில்லை.

ஆகவே யார் வந்து கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான். இந்தக் கமரா நாளைக்கே கீழே விழுந்து உடைந்தால், பிள்ளையின் முகத்தைப் பார்த்து "சரி, பரவாயில்லை" என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியுமென்றால் வாங்குங்கள். முடியாதென்றால் அது உங்களுக்கான கமரா, பிள்ளைக்கானது இல்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1900 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொடக் கம்பனி 'பிரவுனி' என்று ஒரு பெட்டிக் கமராவை விற்பனைக்கு விட்டது. கெட்டி அட்டையால் செய்த பெட்டி, சாதாரண லென்ஸ், ஒரு விசை, அவ்வளவுதான். விலை 1 டொலர். சிறுவர்களை மனதில் வைத்தே அதை விளம்பரப்படுத்தினார்கள். பின்னாளில் உலகமே கொண்டாடிய பிரெஞ்சுப் படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோனும் சிறுவனாக இருந்தபோது பழகியது அப்படியொரு பிரவுனிப் பெட்டியில்தான்.

இன்றைக்கு அந்த 1 டொலர் பெட்டியின் இடத்தில் இருப்பது உங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய சின்ன டிஜிட்டல் கமரா. பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தியோ கொடுத்துவிட்டுப் போனது. போன் வந்த பிறகு யாரும் சீண்டுவதில்லை. முதலில் அதைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் சொந்தக்காரரிடம் கேளுங்கள். அதுவும் இல்லாவிட்டால் பாவித்த கமரா ஒன்றை வாங்குங்கள். எதுவானாலும் பிள்ளையின் கையில் கொடுக்க முன்னர் நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பற்றரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. பற்றரி உப்பியிருந்தால் அதைத் திரும்பச் சார்ஜ் போடவே கூடாது. அந்த மொடலுக்குப் புதுப் பற்றரி கிடைக்குமா என்று முதலே விசாரியுங்கள். பென்டோர்ச் பற்றரி போடுகிற கமராவாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை, மூலைக் கடையில் வாங்கலாம். பிறகு லென்ஸுக்குள் டோர்ச் அடித்துச் சரித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை விட்டுத் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. லேசாக இருந்தால் படத்தில் தெரியாது, நிறைய இருந்தால் படம் பால் ஊற்றியது போல வெளிறிவிடும். கமராவை மூன்று தடவை போட்டு நிறுத்துங்கள். லென்ஸ் கரகரக்காமல் வெளியே வந்து உள்ளே போனால் நல்லது. கடைசியாக வெள்ளைச் சுவர் ஒன்றைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பொட்டு இருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, பலர் ஏமாறுகிற இடம். பழைய கமராக்கள் சில 2 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்ட்டை வாசிக்காது. கொஞ்சம் பிந்தியவை 32 ஜிபி வரைக்கும் ஏற்கும். கடையில் இன்று கிடைக்கும் பெரிய கார்ட்டைப் போட்டுவிட்டு, "கமரா பழுது" என்று ஒதுக்கி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். பழைய சின்னக் கார்ட்டைப் போட்டதும் அந்தக் கமராக்கள் வேலை செய்தன.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அல்பத்தில் வைக்கிற 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படம் தெளிவாக அச்சடிக்க 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். ஏ4 தாள் அளவுக்கு 9 போதும். சூம் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது ஒப்டிகல் சூமா என்று கேளுங்கள். அதில் கண்ணாடி நகர்ந்து தூரத்துப் பொருளைக் கிட்டக் கொண்டு வருகிறது. டிஜிட்டல் சூம் என்பது படத்தின் நடுவை வெட்டி இழுத்துக் காட்டுகிற வேலை, வீட்டில் கணினியில் நீங்களே செய்யலாம்.

பொம்மை முகம் வைத்து, நிறம் நிறமாகச் சிறுவர் கமரா என்று விற்கிறார்களே, அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நாலு ஐந்து வயதுப் பிள்ளை விளையாட என்றால் சரி. பெட்டியில் 48 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சர் பெரும்பாலும் கடுகளவுதான், மிச்சத்தைக் கணக்குப் போட்டு ஊதிக் காட்டுகிறது. பூவுக்குக் கிட்டப் போனால் மங்கும், வீட்டுக்குள் எடுத்தால் புள்ளி புள்ளியாக வரும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், பிழை கமராவில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தனக்குத்தான் படம் எடுக்க வராது என்று நினைத்துக்கொள்ளும்.

படம் உடனே வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ் கமராவைப் பற்றியும் கேட்கிறார்கள். அழகான சாமான். ஒரு பெட்டிக்கு 10 தாள், ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் காசு. பிறந்தநாள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழகுவதற்கு வேண்டாம்.

பழைய போனைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், வேறு கமரா இல்லாத வீட்டில் அதுதான் கமரா. சிம்மைக் கழற்றி, விளையாட்டுகளை அழித்து, இன்டர்நெட்டை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். எடுத்த இடத்தைப் படத்தோடு பதிகிற லொக்கேஷன் வசதியையும் நிறுத்துங்கள். ஆனாலும் படம் எடுப்பதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாத ஒரு சாமானைப் பிள்ளை கையில் பிடித்திருப்பதில் ஒரு பலன் இருக்கிறது. அதைப் பிடித்தால் பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சொல். இங்கே கமராவைத் தின்பது உப்புக்காற்று. கடற்கரைக்குப் போய் வந்தால் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, கமராவின் உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பைகளை எறியாதீர்கள். மூடி இறுகுகிற சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் அவற்றையும் கமராவையும் சேர்த்து வைத்தால் பூஞ்சணம் எட்டாது. அந்தப் பைகளைச் சின்னக் குழந்தைகள் வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கமரா வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல விருப்பமானது அதுதான்.

என் மகளின் மகளுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கிழமை அவளுக்கு ஒரு பழைய கமராவைக் கொடுத்தேன். சிகரெட் பெட்டியிலும் கொஞ்சம் பெரிது, மூலையில் வெள்ளி நிறம் உரிந்தது. ஒரு ஒப்பந்தம் செய்தோம். கிழமைக்கு 24 படம். ரீல் காலத்தில் எங்களுக்கு 24 அல்லது 36 தானே இருந்தது, அதே கணக்கு. எடுத்ததை அழிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்து, அதில் நாலு படத்தை அவளே தெரிவு செய்ய வேண்டும். அந்த நாலையும் நான் அச்சடித்துக் கொடுப்பேன்.

முதல் நாள் அரை மணித்தியாலத்தில் 19 படம் போய்விட்டது. வாசல், செருப்பு, மின்விசிறி, மறுபடியும் செருப்பு. மிச்சம் ஐந்தை வைத்துக்கொண்டு ஆறு நாள் திரிந்தாள். "அம்மப்பா, இன்னும் அஞ்சுதானா இருக்கு?" என்று காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் கேட்பாள். அந்த ஐந்து படத்துக்காக அவள் பார்த்த பார்வையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோட்டை வாசலுக்கு உள்ளே புள்ளிமான்கள் நிற்கிறதல்லவா, அங்கே போனோம். வருகிறவர்கள் எல்லோரும் நின்ற நிலையில் எடுப்பார்கள். மானின் முதுகும் தரையும்தான் வரும். இவள் பையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் இருந்தாள். மான் குனிந்து எதையோ மென்றுகொண்டிருந்தது. இவள் அழுத்தவில்லை. நிமிடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மான் தலையை நிமிர்த்தி இவளைப் பார்த்த கணம் ஒரே ஒரு தரம் அழுத்தினாள். படத்தைப் பார்த்தால் மானின் கண்ணும் நம்முடைய கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. இடது காதில் ஒரு கிழிசல். ஐம்பது வருடமாக அந்த மான்களைக் கடந்து கோணேசரிடம் போய் வருகிறேன், ஒன்றை மற்றதிலிருந்து நான் பிரித்துப் பார்த்ததேயில்லை. அடுத்த கிழமை போனபோது அவள் மலைக்கு ஏறவே மாட்டேன் என்று நின்றாள். "காது கிழிஞ்சவர் எங்கே?" என்று அந்த மானைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நடந்தாள்.

நான் அவளுக்கு அப்பேச்சர், ஷட்டர் என்று ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கு வயது வரும். சொன்னது வெளிச்சத்தைப் பற்றி மட்டும். எங்களுக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை வெயில் தாழ்வாக வந்து ஆட்களின் முகத்தில் விழும். கரைவலை இழுக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நேரம்தான். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழி கறுத்துப்போகும். வீட்டுக்குள்ளே என்றால் லைட்டைப் போடாதே, ஜன்னலுக்குக் கிட்டப் போ. இவ்வளவுதான் என் பாடம்.

ஜன்னல் பாடத்தை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதை ஒரு மாதம் கழித்துக் கண்டேன். என் மனைவி குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் திருவலையில் இருந்து தேங்காய் திருவுகிறா. முகம் படத்தில் இல்லை. கை மட்டும். புடைத்த நரம்பு, கழற்ற முடியாமல் விரலோடு இறுகிப்போன மோதிரம், விரலிடுக்கில் ஒட்டிய தேங்காய்ப்பூ. ஆயிரக்கணக்கான கல்யாணப் படம் எடுத்தவன் நான். என் மனைவியின் கையை ஒரு நாளும் படம் எடுத்ததில்லை. அந்தப் படம் இப்போது ஷோகேஸில், கண்ணாடிக்குள் இருக்கிறது.

அச்சடித்துக் கொடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, சனம் என் கடைக்கு அல்பங்களோடு வந்தது. வீடு போனவர்கள், ஆட்களைப் பறிகொடுத்தவர்கள். உப்புத் தண்ணீரில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போன அல்பங்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய பேசின்களில் அவற்றை மூழ்க வைத்து, ஒரு படத்தின் கீழே நகத்தை விட்டு மெல்ல மெல்லப் பிரித்து, முகம் மேலே பார்க்கும்படி நிழலில் காய வைத்தேன். கலர்ப் படம் விளிம்பிலிருந்துதான் அழியும். முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளை முகம் வரை போவதற்கு முன்னர் பிரித்துவிட வேண்டும். ஒரு தாய் தன் மகனுடைய படத்தில் காதுக்கு மேலே வெள்ளை நின்றுவிட்டதைக் கண்டு, "முகம் இருக்கு, முகம் இருக்கு" என்று அந்த ஈரப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தாளில் இருந்ததால் அதையாவது காப்பாற்ற முடிந்தது. இன்றைக்குப் போன் பழுதானால் ஐந்து வருடப் படம் ஒரே இரவில் போகிறது.

செத்தவர் நினைவாக 31 ஆம் நாள் அச்சடிக்கிற புத்தகம், கல்வெட்டு என்போம், அதற்குப் படம் கேட்டு வருவார்கள். செத்தவரின் தனிப் படம் பெரும்பாலும் இருக்காது. யாருடையதோ சாமத்திய வீட்டுப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் முகத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுப்போம். பிள்ளையிடம் கமராவைக் கொடுத்து, "அம்மம்மாவோடு கதைத்துக்கொண்டே ஒரு படம் எடு" என்று சொல்லிப் பாருங்கள். என்னைப் போன்றவன் மூன்று லைட் வைத்து எடுத்தாலும் அந்தச் சிரிப்பு வராது.

பிள்ளைக்குக் கேட்கவும் பழக்குங்கள். "அம்மா, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கமராவைக் கீழே இறக்க வேண்டும். மீன்காரராக இருந்தாலும், கோவில் வாசலில் இருக்கிறவராக இருந்தாலும் அதே மரியாதை. படம் எடுக்கத் தடை என்ற பலகையை வாசித்து நடக்க வேண்டும், எங்கள் ஊரில் கடற்படை இடங்கள் இருப்பதால் இது முக்கியம். மற்றப் பிள்ளைகளின் முகம் உள்ள படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள். இது பிள்ளைகளுக்குச் சொல்வதல்ல, பெரியவர்களுக்கு.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோணேசர் கோவில் இருக்கிற சுவாமிமலைக்குக் கீழே கடலடியில் கிடந்த பழைய கோவிலின் சிதைவுகளை 1956 இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் போய்ப் படம் எடுத்தார்கள். நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள். இன்றும் நிலாவெளியையும் புறாத்தீவையும் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டுவது பெரும்பாலும் வந்து போகிறவர்கள்தான். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் ஒழுங்கைகளில் ரியூசனுக்கு நடக்கிற பிள்ளை இதை எப்படிப் பார்க்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

உங்கள் சிறுவர் பக்கத்தில் பிள்ளைகளின் ஓவியமும் கவிதையும் வருகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் கிழமைக்கு ஒரு பிள்ளை எடுத்த படம் ஒன்றையும் போடுங்கள். பரிசு வேண்டாம், முதலாம் இடம் இரண்டாம் இடம் வேண்டாம். பெயர், வயது, இதை ஏன் எடுத்தேன் என்று பிள்ளையே எழுதிய இரண்டு வரி. பத்திரிகையில் வந்த தன் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுகிற பிள்ளை அடுத்த படத்துக்குக் கட்டாயம் வெளியே போகும். படங்களைத் தெரிவு செய்ய ஆள் தேவையென்றால் என் கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, சம்பளம் வேண்டாம்.

டச்பேயில் கண்ட அந்தத் தகப்பன் இதை வாசித்தால் அவருக்கு ஒன்று. பெரிய கமராவை நீங்கள் வைத்துப் பழகுங்கள், நல்ல கமரா அது. பிள்ளைக்கு அலுமாரியில் ஒரு பழையதைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்கு வாருங்கள். என்னிடம் இன்னும் இரண்டு கிடக்கின்றன, ஒன்று பென்டோர்ச் பற்றரி போடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோப் படப்பிடிப்பாளர்,
உவர்மலை, திருகோணமலை.